எச்சில் சொல்லும் பூர்வீகம்: நம்புவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு டி.என்.ஏ. பரிசோதனை புதிதல்ல. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நடந்து உடல் அடையாளம் தெரியாமல் கருகிவிட்டால், பெற்றோர் அல்லது பிள்ளைகளின் மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் இறந்தவர் யார் என்று உறுதி செய்கிறார்கள். அந்த முடிவைக் குடும்பமும் ஏற்கிறது, சட்டமும் ஏற்கிறது. ‘டி.என்.ஏ. சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்ற நம்பிக்கை இங்கே அப்படித்தான் வேர்விட்டது.

அதே நம்பிக்கையோடு பலர் இப்போது இன்னொரு சோதனையையும் பார்க்கிறார்கள். ஒரு குழாயில் எச்சிலைத் துப்பி நிறுவனத்துக்கு அனுப்பினால், சில வாரங்களில் ‘உங்கள் பூர்வீகம் இத்தனை சதவீதம்’ என்று செல்போனுக்கு ரிப்போர்ட் வந்துவிடுகிறது. அமெரிக்காவிலும் லண்டனிலும் மலேசியாவிலும் இருக்கும் பிள்ளைகள் வழியாக இது நம் வீடுகளுக்குள்ளும் வருகிறது. தந்தை–மகன் உறவை உறுதி செய்யும் சோதனைக்கு இருக்கும் துல்லியம் இந்தச் சதவீதங்களுக்குக் கிடையாது.

சதவீதம் எப்படி வருகிறது?

நிறுவனம் உங்கள் மரபணுவில் சில லட்சம் இடங்களை மட்டும் படிக்கிறது. தன்னிடம் ஏற்கெனவே உள்ள மாதிரிகளோடு அவற்றைத் துண்டு துண்டாக ஒப்பிடுகிறது. ஒவ்வொரு துண்டும் எந்தக் குழுவோடு அதிகம் ஒத்துப்போகிறதோ, அந்தக் குழுவின் பெயர் அதற்குக் கிடைக்கிறது. எந்தெந்தக் குழு இருக்க வேண்டும், அதற்கு என்ன பெயர் என்பதை முடிவு செய்வது நிறுவனம்தான். யாருடைய மாதிரி அவர்களிடம் அதிகம் இருக்கிறதோ, அவர்களுக்குத் தனிப்பெயர் கிடைக்கும். மற்றவர்கள் ஒரே பெரிய பெயருக்குள் அடங்கிவிடுவார்கள்.

‘23அண்ட்மீ’ என்ற அமெரிக்க நிறுவனத்தின் பட்டியலில் ‘தென்னிந்தியர் மற்றும் இலங்கையர்’ என்று ஒரு பிரிவு உண்டு. அதே பட்டியலில் ‘குஜராத்தி படிதார்’ என்று ஒரு தனிச் சமூகத்தின் பெயரும் இருக்கிறது. ஒன்று பல கோடிப் பேர் வாழும் நிலப்பரப்பு, மற்றொன்று ஒரு சாதி. இரண்டையும் ஒரே வரிசையில் வைப்பதற்கு நம் சமூக அமைப்பில் எந்த அடிப்படையும் இல்லை.

ஆராய்ச்சி உலகிலும் இதே குறை உண்டு. உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் ‘ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம்’ 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் தரவை 2015-இல் வெளியிட்டது. அதில் தமிழர் என்ற பெயரில் இருப்பது பிரிட்டனில் குடியேறிய இலங்கைத் தமிழர்களின் மாதிரி. விருதுநகரிலோ மதுரையிலோ எடுத்த மாதிரி அதில் இல்லை.

நம் மாவட்டத்தை எந்தப் பெயருக்குள் அடக்குவது?

ராஜபாளையத்தில் தலைமுறைகளாகத் தெலுங்கு பேசும் ராஜுக்கள், சாத்தூர் கரிசல் கிராமங்களில் தெலுங்கு பேசும் நாயக்கர்களும் ரெட்டியார்களும், அருப்புக்கோட்டையில் கன்னடம் பேசும் தேவாங்கர், இவர்களோடு தமிழ் பேசும் எத்தனையோ சமூகங்கள். ஒரே சந்தையில் வாங்கி, ஒரே பேருந்தில் போகிற இவர்கள் எல்லோருக்கும் அந்த ரிப்போர்ட் தரக்கூடியது பெரும்பாலும் ‘தென்னிந்தியர்’ என்ற ஒரே சொல்தான்.

இந்திய மக்களைப் பற்றிய மரபணு ஆய்வுகள் இரண்டு உண்மைகளைச் சொல்கின்றன. சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த நிலத்தின் மக்கள் பரவலாகக் கலந்தார்கள். அதன் பிறகு சமூகத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் இறுகியது. ஆகவே ‘கலப்பில்லாத வம்சம்’ என்று யாரும் மார்தட்ட இடமில்லை.

மாமன் மகள், அத்தை மகன் திருமணம் வழிவழியாக நடந்த குடும்பங்களில் இன்னொரு குழப்பமும் வரும். பகிர்ந்துகொள்ளும் மரபணு அளவு கூடுவதால், தூரத்துச் சொந்தத்தையும் நெருங்கிய சொந்தம் என்று ரிப்போர்ட் காட்டிவிடும். ஒரே தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த அண்ணன் தங்கைக்கே சதவீதம் வேறுபடலாம். பெற்றோரிடமிருந்து ஆளுக்கு வரும் பாதி ஒன்றுபோல இருப்பதில்லை.

உசிலம்பட்டி அருகே ஜோதிமாணிக்கம் கிராமத்தில் ஒருவரிடம் ‘எம்130’ என்ற மிகப் பழைய மரபணுக் குறியீடு இருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பனின் குழு கண்டறிந்தது. அவரை ‘முதல் இந்தியர்’ என்று ஊடகங்கள் கொண்டாடின. அந்தக் குறியீடு, குலதெய்வம் போல, அப்பா வழியில் ஆண்மக்களுக்கு மட்டும் இறங்குவது. பத்துத் தலைமுறைக்கு மேலே போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. அந்தக் குறியீடு சொல்வது அவர்களில் ஒரே ஒருவரின் கதையை.

ஆபத்து எங்கே?

2023 அக்டோபரில் ‘23அண்ட்மீ’ தரவுத் திருட்டு வெளியே வந்தது. வேறு தளங்களில் கசிந்த பாஸ்வேர்டுகளை வைத்து நேரடியாகத் திறக்கப்பட்டவை சுமார் 14,000 கணக்குகள்தான். ‘உறவினரைக் கண்டுபிடி’ வசதி வழியாக சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் சிக்கின. யூத வம்சாவளியினர், சீன வம்சாவளியினர் எனப் பிரித்த பட்டியல்களே இணையத்தில் விற்பனைக்கு வந்தன. நிறுவனம் ஒட்டிய இனப்பெயரே அவர்களைக் குறிவைக்கும் அடையாளமாகிப் போனது. சாதிப் பெயரைக் கேட்டு வீடு வாடகைக்கு விடும் நம் ஊரில் இப்படியொரு பட்டியல் கசிந்தால் என்ன ஆகும் என்று நாம் யோசிக்க வேண்டும்.

2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதன் சொத்துகளோடு வாடிக்கையாளர்களின் மரபணுத் தரவும் கைமாறியது. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம், மரபணுவை மாற்ற முடியாது. ஒருவர் எச்சில் கொடுத்தால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோரின் தகவலும் ஓரளவு சேர்ந்தே போகிறது.

சட்டம் என்ன தருகிறது?

மரபணுத் தரவுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. டி.என்.ஏ. தொழில்நுட்ப மசோதா 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 உங்கள் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது; தரவைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கவும் உரிமை தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இப்போதே கைகொடுக்கும். பொய்யான விளம்பரம், குறைபாடான சேவை ஆகியவற்றுக்கு, பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.

செய்ய வேண்டியவை

- வாங்கும் முன், மாதிரியை ஆராய்ச்சிக்கோ மூன்றாவது நிறுவனத்துக்கோ கொடுப்பார்களா என்று ஒப்புதல் படிவத்தில் பாருங்கள். விருப்பத் தேர்வுகளில் ‘சம்மதம்’ தராதீர்கள்.
- வீட்டில் பெற்றோரிடமும் உடன்பிறந்தோரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். குழந்தைகளின் மாதிரியை அனுப்பாதீர்கள்.
- ஏற்கெனவே செய்திருந்தால், ‘உறவினரைக் கண்டுபிடி’ வசதியை அணையுங்கள். தரவை அழிக்கவும் எச்சில் மாதிரியை ஒழிக்கவும் தனித்தனியாகக் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.
- ரிப்போர்ட்டில் நோய் அபாயம் என்று வந்தால் மருத்துவரிடம் காட்டி மறுசோதனை செய்யாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.
- நுகர்வோர் புகாருக்கு 1915 என்ற எண்ணை அழையுங்கள். தரவைக் காட்டி மிரட்டிப் பணம் பறித்தால் உடனே 1930.

சாதிச் சான்று வழங்குவது வருவாய்த் துறை. ஆவணத்தையும் விசாரணையையும் வைத்துத்தான் அது முடிவு செய்கிறது. மரபணு ரிப்போர்ட்டைக் காட்டி யாரும் சான்று பெற முடியாது. அந்த ரிப்போர்ட்டை வைத்து ஒருவரை உயர்த்தவோ தாழ்த்தவோ, திருமணப் பேச்சை முறிக்கவோ நாம் இடம் கொடுக்கக் கூடாது. ஒரு நிறுவனம் தன் வசதிக்காகப் போட்ட பிரிவுதான் அந்தச் சதவீதம். விரும்பினால் படித்துப் பாருங்கள். உங்கள் மரபணுவைக் கொடுக்கும் முன் அதற்கு என்ன பாதுகாப்பு என்று கட்டாயம் கேளுங்கள்.