கேடயத்துக்கு ஒரு கை

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் எங்கள் தாதர் வீட்டுச் சாப்பாட்டு மேசை எங்களுக்குச் சொந்தமில்லை. ஒன்பதாவது படிக்கும் என் பேரனும் அவன் தோழர்கள் நால்வரும் அங்கே 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுவார்கள். "என்ன சார், ரிட்டயர் ஆன பிறகு பகடை உருட்ட ஆரம்பித்துவிட்டீர்களாமே?" என்று சங்கத்து அன்பர்கள் இருவர் கேலியாகக் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

இது பணம் வைத்து ஆடும் ஆட்டமல்ல. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கி, 1974-ல் வெளியிட்டார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் செய்வதை வாயால் சொல்வார்கள். அது பலித்ததா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். கூத்தும் தாயமும் கலந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

என் பேரனின் பாத்திரம் ஒரு வீரன். ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம். எதற்கும் கணக்குப் போட்டுப் பார்க்கும் புத்தி, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இத்தனை வருடம் இருந்தும் தணியவில்லை, எனக்கு. 2014-ல் வந்த விதிநூலை வாங்கிப் பார்த்தேன். ஒரு கை வாளின் சேதம் எட்டு முகப் பகடை ஒன்று, சராசரி 4.5. இரு கை பெருவாளுக்கு ஆறு முகப் பகடை இரண்டு, சராசரி 7. வீரனின் உடல் பலத்துக்கு இரண்டிலும் 3 சேர்த்தால் 7.5, 10. மூன்றில் ஒரு பங்கு லாபம்! "கேடயத்தைப் போட்டுவிட்டுப் பெருவாளை எடுடா" என்றேன். எடுத்தான்.

அடுத்த ஞாயிறு, அவன் பின்னால் நின்ற மந்திரவாதி செத்துப்போனாள். அது எங்கள் கட்டிடத்துக் கீழ் வீட்டு மராத்திப் பெண்ணின் பாத்திரம். இரண்டு வருடமாக வளர்த்து, படம் எல்லாம் வரைந்து வைத்திருந்தாள். அந்தப் பெண் அழுதுகொண்டே படியிறங்கிப் போனாள். பேரன் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

பிறகு உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். சங்கிலிக் கவசம் போட்டவனின் காப்பு எண் 16. தாக்குகிறவன் பகடையில் விழுந்ததோடு தன் திறமைக்காக 5 கூட்டிக்கொள்கிறான் என்றால், 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும். அதாவது இருபது முகத்தில் பத்து. கேடயம் காப்பு எண்ணில் 2 கூட்டும், பத்து எட்டாகும். வாங்கும் அடியில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். முழுத் தகட்டுக் கவசம் போட்டவனுக்கு எட்டு ஆறாகும். நாலில் ஒரு பங்கு மிச்சம். கவசம் கனக்கக் கனக்க, அதே கேடயத்துக்கு மதிப்பு ஏறுகிறது! நான் நினைத்தது நேர் எதிர்.

ஆனால் என் பெரிய தவறு அதுவல்ல. வீரர்கள் ஒரு சண்டைப் பாணியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒற்றை வாள் பாணியில் அடிக்கு 2 கூடும். இரு கை ஆயுதப் பாணியில் சேதப் பகடையில் 1, 2 விழுந்தால் ஒருமுறை மறுபடி உருட்டலாம். இரட்டை ஆயுதப் பாணியும் உண்டு. பேரன் எடுத்திருந்தது 'காக்கும் பாணி'. ஐந்து அடிக்குள் நிற்கும் தோழரை யாராவது தாக்கினால், சுற்றுக்கு ஒருமுறை கேடயத்தை இடையில் நீட்டலாம். எதிரி பகடையை இருமுறை உருட்டி, குறைந்ததை வைத்துக்கொள்ள வேண்டும். மந்திரவாதியின் காப்பு எண் 12. அவள்மேல் அடி படும் வாய்ப்பு நூற்றுக்கு 70. கேடயம் நீண்டால் 49. கேடயம் கையில் இல்லாவிட்டால் இந்தப் பாணியே செல்லாது. நான் பேரனின் தோலை மட்டும் கணக்கில் எடுத்திருந்தேன். பெட்டிக்குப் பெட்டி பஃபர் வைப்பது ஒரு பெட்டிக்காக அல்ல என்பது எனக்குத் தெரியாததா?

சமாதானத்துக்காக இரண்டு பிள்ளைகளையும் கோட்டைப் பகுதியிலுள்ள அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். அக்பரின் கவசமும் கேடயமும் அங்கே இருக்கின்றன. நம் நாட்டு வட்டக் கேடயங்களின் முகப்பில் பெரும்பாலும் நான்கு குமிழ்கள் இருக்கும். பிள்ளைகள் அலங்காரம் என்று நினைத்தார்கள். பின்பக்கத்துக் கைப்பிடிகளைத் தாங்கும் ஆணிகளின் தலையை மூடுவதுதான் அவற்றின் வேலை. இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து ஒரே முஷ்டியில் பிடிப்பார்கள். விரல் முட்டி அடிபடாமல் நடுவே ஒரு சிறு மெத்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் முகப்புதான் தெரிகிறது, பின்பக்கத்தைக் காட்ட ஒரு கண்ணாடி வைத்திருந்தால் என்ன?

விதிநூலின்படி கேடயத்தை எடுக்கவே வீரனின் ஒரு முறை செலவாகும். முழங்கையில் வாரால் கட்டும் மேல்நாட்டுக் கேடயத்துக்கு அது நியாயம். முஷ்டியில் பிடிக்கும் நம் கேடயத்துக்கு ஏன் என்று கேட்டேன். "அடுத்த வாரம் பேசி முடிவு பண்றோம் தாத்தா" என்றான் பேரன். கேடயத்துக்குத் தமிழில் கிடுகு என்றும் பெயர் உண்டு, கூரை வேயும் தென்னங்கீற்றுக்கும் அதே பெயர்தான் என்றேன். அந்தப் பெண் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது ரயிலில் அவன் கேட்டான், "சிலம்பத்துக்கு ஏன் தாத்தா கேடயம் இல்லை?" இரண்டு கையும் கம்பில் இருக்கும்போது கேடயத்தை எதில் பிடிப்பது? சுழலும் கம்பே தடுக்கும், கால் வரிசை விலக்கும். விதிநூலிலும் கம்பை ஒரு கையால் பிடித்தால் ஆறு முகப் பகடை, இரு கையால் பிடித்தால் எட்டு முகம். ஆனால் கம்பால் தடுப்பதற்கென்று அதில் புள்ளி எதுவும் கிடையாது. சிலம்ப ஆசான் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்!

சிலம்பத்தோடு சேர்த்துக் கற்றுத்தரும் மான் கொம்பு பற்றியும் சொன்னேன். இரண்டு கொம்புகளை எதிரெதிராக வைத்துக் கட்டி, நடுவில் பிடித்துக் குத்துவது. சிலவற்றில் பிடியின் முன்னால் சிறு கேடயமும் இருக்கும். தடுப்பதும் குத்துவதும் ஒரே கை.

கீழ் வீட்டுப் பெண் இப்போது புதுப் பாத்திரம் எழுதுகிறாள். கையில் மான் கொம்பு. நான்கு முகப் பகடை சேதம், காப்பு எண்ணில் 1 கூடும் என்று ஐவரும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். 2 தரலாம் என்பது என் கட்சி. என்னைக் கேட்கவில்லை.