ரேடார் இருந்தும் சில டொர்னாடோக்கள் சிக்காமல் போவது ஏன்? அமெரிக்க வானிலை ஆய்வாளர்களுக்கே சவால் விடும் சுழல்காற்று!

வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவானாலே போதும். புயலாக மாறுமா, எங்கே கரையைக் கடக்கும் என்று சில நாட்களுக்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுவோம். ஆனால் அமெரிக்காவில் டொர்னாடோ வரும்போது மக்களுக்குக் கிடைக்கும் அவகாசம் சராசரியாகப் பத்து நிமிடம்தான். சில நேரம் அதுவும் கிடைக்காது.

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1,200 டொர்னாடோக்கள் வருகின்றன. அவற்றைக் கண்காணிக்க நாடு முழுக்கச் சுமார் 160 டாப்ளர் ரேடார்கள் இருக்கின்றன. அப்படி இருந்தும் சில டொர்னாடோக்கள் ஏன் நழுவிவிடுகின்றன? பார்க்கலாம்.

மூர், குக்வில்: ரெண்டு ஊர், ரெண்டு அனுபவம்

2013 மே 20, ஒக்லஹோமா மாகாணத்தின் மூர் நகரம். பிற்பகல் 2.40 மணிக்கு எச்சரிக்கை வந்தது. 16 நிமிடம் கழித்து, 2.56 மணிக்கு டொர்னாடோ தரையைத் தொட்டது. பகல் நேரம், பக்கத்திலேயே ரேடார், ஹெலிகாப்டரில் இருந்து டிவி நேரலை என எல்லாமே சாதகமாக இருந்தன. அது இ.எஃப்-5, அதாவது அளவுகோலிலேயே உச்சகட்ட வகை. 24 பேர் உயிரிழந்தனர்.

2020 மார்ச் 3, டென்னசி மாகாணம். நள்ளிரவு தாண்டியதும் நாஷ்வில் நகரை ஒரு டொர்னாடோ தாக்கியது. அது அடங்கிய பிறகு, அதே இடிமேகம் கிழக்கே நகர்ந்து, குக்வில் பகுதியில் இன்னொரு டொர்னாடோவை இறக்கியது. நேரம் அதிகாலை 2 மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. இது மூரில் வந்ததைவிட ஒரு படி குறைவான இ.எஃப்-4. தரையில் இருந்ததும் சுமார் 8 நிமிடம்தான். ஆனால் 19 பேர் பலியானார்கள். தூக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து ஒதுங்கக் கிடைத்தது சில நிமிடங்களே.

ரேடார் உண்மையில் எதைப் பார்க்குது?

ரேடார் திரையில் டொர்னாடோ அப்படியே தெரிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை.

டாப்ளர் ரேடார் அனுப்பும் அலை, மேகத்தில் உள்ள மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும். துளிகள் ரேடாரை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா என்பதை வைத்துக் காற்றின் போக்கு கணக்கிடப்படும். அருகருகே ஒரு பக்கம் வேகமாக வருது, மறுபக்கம் வேகமாகப் போகுது என்றால், அங்கே மேகம் சுழல்கிறது என்று அர்த்தம்.

ஆக, ரேடார் காட்டுவது மேகத்துக்குள் இருக்கும் சுழற்சியை. அந்தச் சுழற்சி தரையைத் தொடுமா என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். இப்படிச் சுழலும் மேகங்களில் சுமார் நான்கில் ஒன்றுதான் டொர்னாடோவை உருவாக்குகிறது என்கின்றன ஆய்வுகள்.

காரணம் 1: பூமி உருண்டை!

ஒரு டார்ச் லைட்டைக் கொஞ்சம் மேல்நோக்கிப் பிடித்து அடித்துப் பாருங்கள். தூரம் போகப் போக வெளிச்சம் தரையை விட்டு உயரும், அகலமாக விரியும். ரேடார் அலையும் இப்படித்தான். கூடவே பூமியின் வளைவும் சேர்ந்துகொள்கிறது.

வழக்கமாகப் பயன்படும் மிகத் தாழ்வான கோணத்தில் அனுப்பினாலும், 100 கி.மீ. தாண்டும்போது அலை தரையில் இருந்து சுமார் 1.5 கி.மீ. உயரத்தில் இருக்கும். 160 கி.மீ. தூரத்தில் கிட்டத்தட்ட 3 கி.மீ. அதற்குக் கீழே என்ன நடந்தாலும் ரேடாருக்குத் தெரியாது.

வட கரோலினாவின் பெரிய நகரமான சார்லட் இதற்கு உதாரணம். தேசிய வானிலை சேவையின் ரேடார் அங்கிருந்து 100 கி.மீ.க்கும் அதிகமான தூரத்தில் இருக்கிறது. 2012 மார்ச் 3 அதிகாலை அந்தப் பகுதியைத் தாக்கிய டொர்னாடோ தரையைத் தொட்ட பிறகுதான் எச்சரிக்கையே வந்தது.

காரணம் 2: எல்லா டொர்னாடோவும் ஒரே மாதிரி இல்ல

* சூப்பர்செல் வகை: தனியாக நிற்கும் ராட்சத இடிமேகம். சுழற்சி பெரியது, நீண்ட நேரம் நீடிக்கும். கண்டுபிடிக்க ஓரளவு எளிது. மூரில் வந்தது இந்த வகை.
* மேக வரிசை வகை: நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசைகட்டி வரும் இடிமேகங்களின் முன்விளிம்பில் திடீரென உருவாகும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த வரிசையில் எந்த இடத்தில் வரும் என்று சொல்வதுதான் கஷ்டம்.
* தரைச்சுழல் வகை: இது தலைகீழ். சுழற்சி தரைக்கு அருகே தொடங்கி மேலே ஏறும். மேகத்தில் முன்கூட்டியே எந்த அடையாளமும் இருக்காது. ரேடார் தேடும் விஷயமே அங்கே இல்லை. பெரும்பாலும் வலுக் குறைந்தவை என்பது மட்டும் ஆறுதல்.

காரணம் 3: ரேடாருக்கும் நேரம் வேணும்

ரேடார் ஆன்டெனா சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு கோணமாக உயர்ந்து, முழு வானத்தையும் அலச நான்கைந்து நிமிடம் ஆகும். தாழ்வான கோணத்தை மட்டும் இடையிடையே மீண்டும் பார்க்கும் வசதி இப்போது இருக்கிறது. ஆனாலும் 2, 3 நிமிடமே வாழும் ஒரு டொர்னாடோ, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே வந்து போய்விடலாம்.

காரணம் 4: இருட்டும் மழையும்

ரேடாருக்குத் தெரியாததைக் கண்ணால் பார்த்துச் சொல்ல, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஆனால் இரவிலோ, கனமழை டொர்னாடோவைச் சுற்றி மறைக்கும்போதோ அவர்களாலும் பார்க்க முடியாது.

1950 முதல் 2005 வரையிலான பதிவுகளை அலசிய ஆய்வு சொல்வது இது: இரவில் வந்த டொர்னாடோக்கள் மொத்தத்தில் சுமார் 27 சதவீதம். ஆனால் உயிரிழப்பில் அவற்றின் பங்கு சுமார் 39 சதவீதம்.

சந்தேகம் வந்தாலே எச்சரிக்கை கொடுத்துடலாமே?

நியாயமான கேள்விதான். ஏற்கெனவே அமெரிக்காவில் விடப்படும் டொர்னாடோ எச்சரிக்கைகளில் பத்துக்குச் சுமார் ஏழு பொய்த்துப் போகின்றன. 'புலி வருது' கதைதான். அடிக்கடி சைரன் ஒலித்து எதுவும் நடக்காவிட்டால், மக்கள் அடுத்த முறை அசைய மாட்டார்கள்.

2011 மே 22 அன்று மிசோரி மாகாணத்தின் ஜோப்ளின் நகரில் இதுதான் நடந்தது. எச்சரிக்கை வந்தது, சைரனும் ஒலித்தது. ஆனால் பலர் உடனே பதுங்கவில்லை. வேறு வழியில் உறுதியான பிறகே நகர்ந்தார்கள் என அதிகாரப்பூர்வ ஆய்வு கூறியது. அன்று சுமார் 160 பேர் உயிரிழந்தனர்.

சரி, எச்சரிக்கையைக் குறைத்தால்? 2012-க்குப் பிறகு பொய் எச்சரிக்கைகள் குறைந்தன. ஆனால் கூடவே, முன்கூட்டியே பிடிபடும் டொர்னாடோக்களின் விகிதமும் குறைந்தது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் நழுவுது.

தீர்வு என்ன?

2013-க்குள் அமெரிக்க ரேடார்கள் எல்லாம் மேம்படுத்தப்பட்டன. காற்றில் பறக்கும் மரத்துண்டு, தகரம் போன்றவற்றை மழைத்துளியில் இருந்து பிரித்துக் காட்ட இப்போது அவற்றால் முடியும். இரவிலும் 'டொர்னாடோ இறங்கிவிட்டது' என்று உறுதியாகச் சொல்ல இது உதவுகிறது. ஆனால் இது தெரியும்போது அங்கே சேதம் தொடங்கியிருக்கும். அதன் பாதையில் அடுத்து இருக்கும் ஊருக்குத்தான் பயன்.

ஆன்டெனாவைச் சுழற்றாமலேயே ஒரு நிமிடத்துக்குள் வானத்தை அலசும் புதுவகை ரேடாரை ஒக்லஹோமாவின் நார்மன் நகரில் ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள். ரேடார் எட்டாத பகுதிகளில் சிறிய ரேடார்களை நிறுவும் யோசனையும் இருக்கிறது.

அங்கே உங்க சொந்தக்காரங்க இருக்காங்களா?

டல்லாஸ் போன்ற டொர்னாடோ வரும் பகுதிகளில் தமிழர்கள் நிறைய பேர் வசிக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் இதைச் சொல்லுங்கள்:

* போனில் அவசர எச்சரிக்கை வசதியை ஆஃப் செய்ய வேண்டாம், முக்கியமாக இரவில்.
* 'வாட்ச்' என்றால் டொர்னாடோ வர வாய்ப்பு இருக்கிறது, தயாராக இருங்கள். 'வார்னிங்' என்றால் ரேடாரில் அடையாளம் தெரிகிறது அல்லது யாரோ நேரில் பார்த்துவிட்டார்கள், உடனே பதுங்குங்கள்.
* பதுங்க வேண்டியது நிலவறையில். அது இல்லாவிட்டால், கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத உள் அறையில்.
* வார்னிங் வந்த பிறகு வெளியே போய் வானத்தைப் பார்த்து உறுதி செய்ய நினைக்க வேண்டாம். அந்தச் சில நிமிடங்கள்தான் பதுங்குவதற்கான நேரம்.