கீரை பிடிக்காத பாப்பாய்!

ஒரு டப்பா பசலைக் கீரை. அதை விழுங்கியதும் புஜம் புடைக்கும். ஒரே குத்து, எதிரி ஆகாயத்தில் பறப்பான். மாலுமி பாப்பாய் என்றதும் நம் நினைவுக்கு வருவது இதுதான் அல்லவா?

1980-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் "பாப்பாய்" படம் வெளிவந்தது. இது சித்திரப் படம் அல்ல. நிஜ நடிகர்கள் நடித்தது. பெற்றோர் குழந்தைகளுடன் கொட்டகைக்குப் போனார்கள். திரையில் தோன்றிய பாப்பாய், கீரை என்றாலே முகத்தைச் சுளித்தான்! கதை முடியும் சமயத்தில் வில்லன் ப்ளூட்டோ பலவந்தமாக வாயில் திணித்த பிறகுதான் கீரை உள்ளே போகிறது.

விமர்சகர்கள் பலர் படத்தைச் சாடினார்கள். பாப்பாயாக நடித்த ராபின் வில்லியம்ஸ் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார், ஒன்றும் புரியவில்லை என்றார்கள். (இந்தப் புகார் நியாயந்தான்.) கடைசியில் வரும் ஆக்டோபஸ் சண்டை சப்பென்று இருக்கிறது என்றார்கள். சிகாகோ விமர்சகர் ரோஜர் ஈபர்ட் போன்ற சிலரோ மனமாரப் பாராட்டினார்கள். காதலி ஆலிவாக வந்த ஷெல்லி டுவால் அந்த வேடத்துக்கென்றே பிறந்தவர் போலத் தோன்றினார் அவருக்கு.

மந்திரக் கோழி

உண்மையில் பாப்பாய் பிறந்தது சினிமாவில் அல்ல. 1929-ல் சீகர் என்ற ஓவியர் பத்திரிகைப் படக்கதையில் அவனைப் படைத்தார். அப்போது கீரை இல்லை. ஒரு மந்திரக் கோழியின் தலையைத் தடவித்தான் துப்பாக்கிக் குண்டுகளுக்குத் தப்பிப் பிழைத்தான்! காணாமற்போன தகப்பனைத் தேடி அலைந்ததும் அந்தப் படக்கதையில்தான். 1933 முதல் வந்த சித்திரப் படங்களே கீரையைப் பிரபலமாக்கின.

படத்துக்குக் கதை வசனம் எழுதிய ஜூல்ஸ் ஃபைஃபர் சீகரின் படக்கதையைத்தான் எடுத்துக்கொண்டார். தகப்பனைத் தேடி வரும் மகனின் கதையாக எழுதினார். ஜனங்களோ சித்திரப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தார்கள். இட்லி கேட்டவருக்குப் புட்டு வந்தது. அது புட்டின் குற்றமா?

படத்துக்கு ஆன செலவு சுமார் 2 கோடி டாலர். அமெரிக்காவில் வசூல் ஏறக்குறைய 5 கோடி டாலர். இருந்தும் "தோல்விப் படம்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. டைரக்டர் ராபர்ட் ஆல்ட்மன் அதன் பிறகு பல வருஷம் பெரும்பாலும் சிறிய படங்களே எடுத்தார். 1992-ல் வந்த "தி பிளேயர்" படம்தான் அவரை மறுபடி தூக்கி நிறுத்தியது.

படப்பிடிப்புக்காக மால்டா தீவின் கடலோரத்தில் ஒரு கிராமத்தையே மரத்தால் கட்டினார்கள். வேலை முடிந்தும் அதைப் பிரிக்கவில்லை. இன்றும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்தக் கோணல் வீடுகளைப் பார்த்து வருகிறார்கள்.