கடல்மீன் குஞ்சுக்குத் தீனி

கல்கத்தாவில் மீன் என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது தட்டில் இருக்கும் மீன்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாக்பஜார் பக்கம் காலிஃப் தெருச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், பார்த்து ரசிப்பதற்கென்றே மீன் வாங்கும் கூட்டமும் இந்த ஊரில் குறைவில்லை என்று. அங்கே அகலத் தட்டுகளில் செக்கச் செவேலென்று நெளிந்து கொண்டிருக்கும் உருண்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் டியூபிஃபெக்ஸ் புழு. நகரத்துச் சாக்கடைக் கால்வாய்களில் இறங்கி, சேற்றை அலசி அதை எடுத்து விற்றுப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். மீனுக்கு அது அல்வா மாதிரி. ஆனால் சாக்கடையின் நோயும் அதனுடன் சேர்ந்தே தொட்டிக்குள் வரும்.

நன்னீர் மீன் வைத்திருப்பவருக்கு இந்தப் புழுவாவது உண்டு. உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர் பாடு அப்படியல்ல. டியூபிஃபெக்ஸ் கடல் நீரில் விழுந்தால் செத்துத் தண்ணீரைக் கெடுக்கும். பெரிய மீன் உலர் தீனியைத் தின்று பழகிவிடும் என்று வைத்துக்கொள்வோம். முட்டையிலிருந்து அன்று வெளிவந்த குஞ்சு என்ன செய்யும்?

பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு ஜோடி கோமாளி மீன் வளர்த்து வருகிறேன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன். கடல் சாமந்திக்குள் ஒளிந்து வாழும் இந்த மீனைச் சினிமாவில் பார்த்து, பேரன் பேத்திகள் எல்லோரும் அறிவார்கள். ஜோடியில் பெரியது பெண். அது இறந்துவிட்டால் ஆணே பெண்ணாக மாறிவிடும்! முட்டைகளைக் காவல் காத்து, துடுப்பால் விசிறிக் கொண்டிருப்பது தகப்பன்தான். ஏறக்குறைய ஒரு வாரத்தில், விளக்கணைந்த பிறகு, இருட்டில் குஞ்சுகள் பொரிந்து வெளியே வரும். நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். வாயோ ஊசிமுனை. ஓடாத எதையும் அது உணவென்று மதிப்பதில்லை. மறுநாளே தீனி தயாராக இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளும் தொட்டியின் அடியில் கிடக்கும். ஆகவே மீனுக்கு முன்னால் மீனின் சாப்பாட்டை வளர்த்தாக வேண்டும்.

அந்தச் சாப்பாட்டின் பெயர் ரோட்டிஃபர். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று பங்கு வரை இருக்கும் நுண்ணுயிர். தலையில் சக்கரம் சுழல்வது போல் ரோமங்கள் அசையும். ஜப்பானில் விலாங்கு மீன் குளங்களில் இது பெருகித் தண்ணீரைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் திட்டிக் கொண்டிருந்தார்கள். 1960 வாக்கில் தகாஷி இட்டோ என்ற ஆராய்ச்சியாளர், இதையே கடல்மீன் குஞ்சுகளுக்கு உணவாகக் கொடுக்கலாம் என்று காட்டினார். இன்று உலகெங்கும் கடல்மீன் குஞ்சு பொரிப்பகங்கள் பலவும் அந்தத் தொல்லைப் பிராணியை நம்பித்தான் நடக்கின்றன.

ரோட்டிஃபருக்குச் சாப்பாடு? பச்சைத் தண்ணீர், அதாவது நானோகுளோராப்சிஸ் போன்ற நுண்பாசி. கடல் நீரில் சிறிது உரச்சத்து, குழல் விளக்கு, காற்றுக் குமிழி, இவ்வளவுதான் தேவை. சில நாளில் சீசா முழுதும் பசேலென்று ஆகிவிடும். ஈஸ்ட் தூவியும் ரோட்டிஃபரை வளர்க்கலாம், மலிவு, சுலபம். ஆனால் ஈஸ்ட் மட்டும் தின்ற ரோட்டிஃபரைத் தின்னும் குஞ்சுகள் வயிறு நிறைந்தும் சத்தில்லாமல் சாகும். கடல்மீன் குஞ்சுக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்கள் ஈஸ்டில் இல்லை, பாசியில் இருக்கின்றன.

ரயில்வேக்காரன் என்பதால் கணக்குப் போடாமல் எனக்குத் தூக்கம் வராது. குஞ்சுத் தொட்டியில் மில்லிலிட்டருக்குப் பத்து ரோட்டிஃபர் இருப்பது நல்லது. 20 லிட்டர் தொட்டிக்கு 2 லட்சம்! பயப்பட வேண்டாம். நன்றாக வளர்ந்த சீசாவில் மில்லிலிட்டருக்கு நூறு சாதாரணமாக இருக்கும். ஆக 2 லிட்டர் போதும். ஆணின் துணையில்லாமலேயே பெண் ரோட்டிஃபர் பெண்களைப் பெற்றுத் தள்ளுவதால், சூடும் தீனியும் சரியாக இருந்தால் ஓரிரு நாளில் கூட்டம் இரட்டிப்பாகும். தினமும் நாலில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அதே அளவு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வண்டி ஓடும்.

ஓடுகிற வண்டி திடீரென்று நிற்பதும் உண்டு. நேற்று மொய்த்துக் கொண்டிருந்த சீசா இன்று காலை வெறும் மஞ்சள் தண்ணீராக நிற்கும். காரணம் தேடிப் பயனில்லை. வேறு அறையில் மாற்றுச் சீசா இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இன்னொரு விதி: காலையில் முதலில் பாசிச் சீசாவைத் தொட வேண்டும், பிறகுதான் ரோட்டிஃபர். ரோட்டிஃபர் பட்ட கரண்டி பாசிக்குள் போனால் சில நாளில் பச்சை முழுவதையும் அவை தின்று தீர்த்துவிடும்.

குஞ்சுக்கு ஒரு வாரம் ஆனதும் ஆர்ட்டீமியா. உப்பளத்து இறால் என்று சொல்லலாம். இதன் முட்டை காய்ந்த தூளாக ஆண்டுக்கணக்கில் கிடக்கும்; உப்புநீரில் போட்டால் ஒரே நாளில் உயிர் பெறும். ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கும் மேல் முட்டை. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, லிட்டருக்கு 25-30 கிராம் உப்புப் போட்டு, மூடி வழியே காற்றுக் குழாய் விட்டு, மேலே விளக்கு வைத்தால் போதும். 24-லிருந்து 36 மணியில் பொரியும். காற்றை நிறுத்தினால் வெற்று ஓடுகள் மேலே மிதக்கும். கீழே விளக்கைக் காட்டினால் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் அங்கே கூடும். ஓடு சேராமல் குழாய் வழியே இறக்கிக்கொள்ள வேண்டும். ஓட்டைத் தின்ற மீன் குஞ்சுக்குக் குடல் அடைத்துவிடும். பொரிந்தவுடன் கொடுப்பதே உத்தமம். நேரம் ஆக ஆகத் தன் சத்தைத் தானே கரைத்துக்கொள்ளும்.

உப்பின் அளவை ஹைட்ரோமீட்டரில் பார்க்கிறேன். ரயில் பெட்டி பேட்டரிகளில் 1.200-க்கு மேல் பார்த்துப் பழகிய கைக்கு, கடல் நீரின் 1.025 முதலில் 'டிஸ்சார்ஜ்' ஆன செல் மாதிரித் தோன்றியது!

இந்த முட்டை டப்பா காலிஃப் தெருவில் யானை விலை. உலகச் சந்தைக்கு வருவதில் பெரும் பங்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கிரேட் சால்ட் ஏரியில் அள்ளப்படுவது. ஆறுகளின் நீரை வயலுக்கும் ஊருக்கும் திருப்பியதாலும் வறட்சியாலும் 2022-இல் அந்த ஏரியின் மட்டம் இதுவரை இல்லாத அளவுக்கு இறங்கியது; உப்பு ஏறி, ஆர்ட்டீமியாவுக்கே ஆபத்து என்று அங்கே கவலைப்பட்டார்கள். வியட்நாமில் 1980-களிலேயே வின் சாவ் உப்பளங்களில் இதை வளர்க்கத் தொடங்கி, உப்பள விவசாயிகளுக்கு இரண்டாவது வருமானம் ஆக்கிவிட்டார்கள். நம் தூத்துக்குடி உப்பளங்களில் ஆணே இல்லாமல் பெருகும் ஆர்ட்டீமியா இயற்கையாகவே உண்டு. நாமோ டப்பாவை இறக்குமதி செய்கிறோம்.

தீனியை நாமே வளர்க்கத் தெரிந்தால் மீனையும் நாமே வளர்க்கலாம். பவழப் பாறையிலிருந்து பிடித்து வர வேண்டியதில்லை. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்ததற்கு அடிப்படை இந்த ரோட்டிஃபர் சீசாதான். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கடைக்காரர் யாராவது உயிருள்ள கடினப் பவழமோ கடல் குதிரையோ தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்ந்து இருக்கின்றன. என் தொட்டியில் இருப்பது வெறும் கல்லும், ஓட்டு வில்லைகளும்தான். மீன்கள் குறை சொன்னதில்லை.

2020 மே 20 அன்று அம்பன் புயல் அடித்ததே, நினைவிருக்கும். எங்கள் பகுதியில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. காற்றுக் குமிழி நின்றது. நானும் மனைவியும் முறை போட்டுக்கொண்டு, மணிக்கொரு தரம் குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். பாசிச் சீசாக்களைப் பால்கனி வெளிச்சத்தில் வைத்தோம். பெரிய மீன்கள் பிழைத்தன. ஒன்பது நாள் குஞ்சுகளில் பதினொன்றுதான் மிஞ்சின. இரவு இரண்டு மணிக்கும் டார்ச் பிடித்தபடி, "இதற்குப் பேசாமல் ரயில்வேயிலேயே நைட் டியூட்டி பார்த்திருக்கலாம்" என்றாள் என் மனைவி.

பாசி, அதைத் தின்னும் நுண்ணுயிர், அதைத் தின்னும் மீன் என்ற இந்தச் சங்கிலி கல்கத்தாவுக்குப் புதிதல்ல. கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலத்தில், நகரத்தின் கழிவு நீரை 'பேரி' என்னும் ஆழமில்லாத குளங்களில் தேக்கி, வெயிலில் பாசி பிடிக்க வைத்து, கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறார்கள். படிப்பறிவு இல்லாதவர்கள் என்று நாம் நினைக்கும் மீனவர்கள் அனுபவத்தால் கண்டது. அதன் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் துருபஜ்யோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர், 2018-இல் காலமானார். 2002-இல் அது ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. என் பால்கனிச் சீசாக்களும் அந்தப் பேரிகளின் கொள்ளுப் பேரன்மார்தான்.

தொடங்க விரும்பும் அன்பர்கள் மீன் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே பச்சைத் தண்ணீரைத் தொடங்குங்கள். மூடியுள்ள சுத்தமான சீசா ஒன்றைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வந்தால் கால் லிட்டர் பாசி தருகிறேன். ரோட்டிஃபர் வேண்டுமானால் இரண்டாவது சீசா கொண்டு வரவும். ஒன்றிலேயே இரண்டையும் ஊற்றச் சொல்லக் கூடாது.