ஒன்பதாம் நம்பர் சட்டை யாருக்கு?

திருப்பூர் காதர்பேட்டைக்குப் போய்வந்தவர்களுக்கு நைஜீரியர்கள் புதியவர்கள் அல்ல. பனியனையும் டீ-சர்ட்டையும் மொத்தமாக எடுத்து, பேரம் பேசி, மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பும் வியாபாரிகளாக அவர்களைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறோம். அதே நாட்டிலிருந்து வேறொரு தொழிலுக்காக இந்தியா வந்தவர் ரான்டி மார்ட்டின்ஸ். அவர் தொழில் கோல் அடிப்பது.

2004-இல் கோவாவின் டெம்போ அணியில் சேர்ந்தபோது அவர் இருபதைத் தொடாத இளைஞர். எட்டு வருடம் அங்கேயே ஆடினார். அந்தக் காலத்தில் டெம்போ ஐந்து முறை தேசிய சாம்பியன் ஆனது: பழைய தேசிய லீகில் இரண்டு முறை, ஐ-லீகில் மூன்று முறை. பிறகு கொல்கத்தா, ஷில்லாங், திரும்பவும் கொல்கத்தா. எங்கே போனாலும் கோல் நிற்கவில்லை. டெம்போவில் இருந்தபோதே 2010-11 சீசனில் 30. அடுத்த சீசனில் 32. அப்போது ஓர் அணிக்கு லீகில் மொத்தமே 26 ஆட்டங்கள்தான். இந்திய லீக் கால்பந்தில் அவர் அடித்தவை 200-ஐத் தாண்டும்.

ஒன்பதாம் நம்பர் சட்டைக்காரன், அதாவது சென்டர் ஃபார்வர்டின் வேலை கேலரியிலிருந்து பார்ப்பவருக்குச் சோம்பல் மாதிரி தெரியும். சும்மா நிற்கிறான், நாலடி நடக்கிறான், மறுபடி நிற்கிறான். உண்மையில் அவன் கண் டிஃபென்டரின் இடுப்பில் இருக்கிறது. அந்த இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் இவன் நழுவுகிறான். விங்கிலிருந்து பந்து கிளம்பும் முன்பே அது விழப்போகும் இடத்துக்குப் போய்விடுகிறான். அதன்பிறகு ஒரே ஒரு தொடுதல். பத்து முறை இப்படி ஓடினால் எட்டு முறை பந்து வராது. வந்த இரண்டில் ஒன்று வெளியே போகும். போனதை மறந்துவிட்டுப் பதினோராவது முறையும் ஓடுவதற்கு ஒரு மனசு வேண்டும். கால் வித்தையைவிட அந்த மனசுதான் பெரிசு. பெனால்டி பாக்ஸுக்குள் ரான்டி காட்டிய நிதானம் அப்படிப் பல வருடம் ஓடிப் பழகியதில் வந்தது.

ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். ஐ-லீக் தொடங்கிய 2007-08 முதல் 2015-16 வரை ஒன்பது சீசன்கள். முதல் மூன்றிலும் அதிக கோல் அடித்தவர் இன்னொரு நைஜீரியர், ஒடாஃபா ஒகோலி. அடுத்த மூன்றிலும் ரான்டி. 2013-14-இல் மட்டும் நம் சுனில் சேத்ரி 14 கோலோடு இரண்டு வெளிநாட்டவருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அதன்பின் இரண்டு சீசனும் மறுபடி ரான்டி. ஒன்பதில் எட்டு, இரண்டே நைஜீரியர்களுக்கு!

இது அவர்கள் உழைப்புக்குக் கிடைத்த மரியாதை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என்னை உறுத்துவது வேறு.

அந்த டெம்போ அணியை வரிசையாக நினைத்துப் பாருங்கள். பின்வரிசையில் மகேஷ் காவ்லி, சமீர் நாயக். நடுவில் கிளைமாக்ஸ் லாரன்ஸ். பக்கவாட்டில் கிளிஃபோர்ட் மிராண்டா, ஆண்டனி பெரேரா. எல்லாரும் இந்தியாவுக்காக ஆடியவர்கள். கோல் போஸ்டுக்கு நேரே நின்றவர் மட்டும் ரான்டி. நாடு முழுக்க இதே அச்சுதான். தடுப்பது, ஓடுவது, பந்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் பையன்கள், முடிப்பது வெளிநாட்டவர். விளைவு என்ன ஆயிற்று? 2024 ஜூனில் விடைபெற்ற சேத்ரியை, நாற்பது வயதில், 2025 மார்ச்சில் தேசிய அணிக்கு மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது. இத்தனை கோடிப் பேர் உள்ள நாட்டில் அவர் இடத்தில் நிறுத்த ஓர் ஆள் தயாராகவில்லை.

இந்தக் கதையைக் கோவை தன் கண்ணாலேயே பார்த்தது. 2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியத்தையே சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி, அங்கே மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது. இங்கே நடந்த 1991-92 சந்தோஷ் டிராபிக்குப் பிறகு ஊருக்கு வந்த பெரிய கால்பந்து நாள் அதுதான் என்பேன். அந்த சீசனில் ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி அடித்தது 21 கோல். அன்றைக்கும் பெனால்டியில் சமன் செய்தவர் அவரே. மற்ற இரண்டு கோலை அடித்தவர் இந்தியர், கவுரவ் போரா. அவர் டிஃபென்டர்! அந்த நாளின் சந்தோஷத்தில் இதை யாரும் யோசிக்கவில்லை. அடுத்த சீசன் பாதியில் மான்சி ஜப்பானுக்குப் போனார். 2020-21-க்குப் பிறகு அந்த அணியும் ஐ-லீகில் இல்லை. கோல்களும் அவர்களோடு போய்விட்டன. கோவையில் அந்த இடத்தில் ஆடக் கற்றுக்கொண்ட ஒரு பையன் மிஞ்சியிருக்க வேண்டாமா?

வாளையாரைத் தாண்டிக் கேரளாவுக்குள் போனாலும் இதே கதைதான். அங்கே செவன்ஸ், அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. பாலக்காட்டிலும் மலப்புறத்திலும் சீசன் வந்தால் மேற்கு ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்து இறக்குகிறார்கள். 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' படம் அந்த வாழ்க்கையைத்தான் சொன்னது. இங்கிருந்தும் ரசிகர்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறார்கள். அங்கும் கோல் அடிக்கும் இடம் பெரும்பாலும் அந்த ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களுக்கே.

நம் பள்ளி மைதானங்களில் இதன் நிழல் ஏற்கெனவே விழுந்துவிட்டது. அண்டர்-15 அணியில் வேகமான பையன் ஒருவன் கிடைத்தால் அவனை விங்கில் நிறுத்துகிறார்கள். சென்டர் ஃபார்வர்டாகப் பழக்கி என்னங்க பிரயோஜனம், மேலே போனால் அந்த இடத்தில் வெளிநாட்டுக்காரன்தானே நிற்கிறான் என்பதுதான் மைதானத்துப் பேச்சு. காலேஜ் சீட்டும் கிளப் வாய்ப்பும் விங்குக்குத்தான் என்று பெற்றோரும் நம்புகிறார்கள். பதிமூன்று வயதில் கோல் வெறியோடு வரும் பிள்ளை, பதினாறு வயதில் மற்றவனுக்குப் பந்து போடுபவனாக மாறிவிடுகிறான்.

பெரிய ஆட்டக்காரர்களோடு ஆடினால்தான் நம் பையன்கள் முன்னேறுவார்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பக்கத்தில் ஆடலாம், கற்கலாம். அந்த இடத்தில் ஆடவே விடாமல் அந்த இடத்தை எப்படிக் கற்பது?

தமிழனுக்குக் கோல் அடிக்க வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக அடித்த கோல், 1960 ரோமில் பெரு அணிக்கு எதிராகத் தமிழ்நாட்டு சைமன் சுந்தர்ராஜ் அடித்தது. 1997-98 தேசிய லீகில் அதிக கோல் அடித்தவர் நம் ராமன் விஜயன். 2022-23 ஐ.எஸ்.எல். சீசனின் வளரும் வீரர் விருதை வாங்கியவர் சிவகங்கை மாவட்டம் கண்டனூரின் சிவசக்தி நாராயணன். அவரும் ஃபார்வர்ட்தான். காவிரிக் கரையும் செட்டிநாடும் தந்திருக்கின்றன. கொங்கு நாடு ஏன் தரவில்லை? போத்தனூர் ரயில்வே காலனியிலும், உக்கடத்திலும், வால்பாறை எஸ்டேட்களிலும் பந்து உதைக்காத பிள்ளைகளா இல்லை?

பம்ப்செட்டையும் கிரைண்டரையும் நூற்பு மெஷினையும் தானே செய்து பழகிய ஊர் இது. வெளியே வாங்கிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று எந்தத் தொழிலிலும் சும்மா இருந்ததில்லை. கால்பந்தில் மட்டும் அதையே ஒப்புக்கொண்டுவிட்டோம்.

பி.டி. மாஸ்டர்களுக்கும் கோச்சுகளுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் உங்கள் அணியில் ஒன்பதாம் நம்பர் சட்டை போட்ட பையன் நாலு ஆட்டத்தில் கோல் அடிக்காமல் போனாலும் அவனை விங்குக்குத் தள்ளாதீர்கள். சாயங்காலம் மற்றவர்கள் கிளம்பிய பிறகு இருபது கிராஸ் போட்டு அவனை முடிக்கச் சொல்லுங்கள். மாவட்ட லீக் நடத்துபவர்கள், ஒவ்வொரு அணியிலும் ஓர் உள்ளூர்ப் பையன் முன்வரிசை நடுவில் கட்டாயம் ஆட வேண்டும் என்று விதி போடுங்கள். மூன்று வருடம் பொறுங்கள், போதும்.