அடிக்கும் முன் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்

கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமுக்கு நாம் கிழமைக்கு ஒரு தடவை போய்வந்த காலம் அது. 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் சம்பூர்ப் பகுதியில் குண்டுகள் விழத் தொடங்கியபோது வயலையும் மாட்டையும் விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்தன. 2007இல் அவை திருகோணமலை மாவட்டத்துக்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டன. எனினும் சொந்த ஊருக்குப் போக முடியாமல் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் தங்கியிருந்தன.

ஒரு நாள் ஒரு தாய் தன் ஆறு வயது மகனைக் கையிற் பிடித்து இழுத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். "நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்கோ பாதர். வேணுமெண்டே காற்சட்டையோட போறான். அடிச்சும் பார்த்திட்டன், சூடு வைப்பன் எண்டு வெருட்டியும் பார்த்திட்டன்" என்றார். சிறுவன் தலையைக் குனிந்தபடி நின்றான். அவன் கெண்டைக்காலில் ஈர்க்கின் தழும்பு இருந்தது. பாடசாலையில் மணக்கிறான் என்று அவனைத் தனியே ஒரு மூலையில் இருத்தியிருந்தார்கள். வீட்டில் சோறு வேண்டாம் என்று தள்ளுவதும், தங்கையை நுள்ளுவதும், திடீரென்று கூடாரத்தின் பின்னால் போய் ஒளிந்து நிற்பதும் அவன் வழக்கமாகிவிட்டன என்றும் தாய் முறையிட்டார்.

உண்மையைச் சொன்னால், அன்று நாமும் அவனுக்குப் புத்திதான் சொன்னோம். குருமடத்தில் எமக்கு மெய்யியலும் இறையியலும் கற்பித்தார்களே தவிர, ஒரு பிள்ளையின் வயிற்றைப் பற்றி எவரும் கற்பிக்கவில்லை. அடுத்த கிழமை முகாமுக்கு வந்த குடும்பநல மாது அவனைப் பாயில் படுக்கவைத்து அடிவயிற்றின் இடது பக்கத்தை மெதுவாக அமத்திப் பார்த்தார். பின்பு தாயின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். உருண்டை உருண்டையாகக் கல்லுப்போல ஏதோ தட்டுப்பட்டது. "இது பிடிவாதம் இல்லை அம்மா, மலம். பல நாளாக இறுகிக் கிடக்கிறது" என்றார்.

தாய்க்கு நம்பிக்கை வரவில்லை. "இவனுக்குத் தண்ணியாத்தானே போகுது. வயிற்றோட்டமெண்டு நான் மருந்தும் குடுத்தனான்" என்றார். இந்த இடத்திலேதான் பெற்றோர் பலரும் ஏமாந்துபோகின்றனர்.

வயல் செய்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது இலகு. வாய்க்காலில் மண்கட்டி விழுந்து அடைத்துவிட்டால் மேலிருந்து வரும் தண்ணீர் நின்றுவிடுவதில்லை; கட்டியின் இரு பக்கத்தாலும் கசிந்து வரம்பை நனைக்கும். குடலிலும் இதுவே நடக்கிறது. ஒரு நாள் மலம் இறுகிப் போகும்போது பிள்ளைக்கு நோகிறது, சிலவேளை ஆசனவாய் வெடித்து இரத்தமும் வருகிறது. மறுநாள் அந்த நோவுக்குப் பயந்து பிள்ளை அடக்குகிறது. அடக்கிய மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்ச, அது மேலும் இறுகுகிறது. அடுத்த முறை நோவு இன்னும் கூடுகிறது. இப்படிச் சில கிழமைகள் போனால் மலக்குடல் விரிந்து, "இப்போது போகவேண்டும்" என்று உணர்த்தும் தன்மையை இழந்துவிடும். மேலிருந்து வரும் இளகிய மலம் அடைப்பின் பக்கத்தால் கசிந்து உடுப்பில் படும். அது வருவது பிள்ளைக்குத் தெரிவதில்லை. நாள் முழுவதும் அந்த மணத்தோடு இருப்பதால் மூக்கும் பழகிப்போகிறது. "மணக்குது, உனக்குத் தெரியேல்லையா?" என்று கேட்டால் "இல்லை" என்று பிள்ளை சொல்வது பொய்யல்ல.

இனி அச்சிறுவனின் குணத்தைப் பாருங்கள். வயிறு நிறைந்து கிடப்பவனுக்குப் பசி வராது. ஓயாமல் வயிற்றில் பாரம் உள்ளவன் எரிந்து விழுவான். கூடாரத்தின் பின்னால் ஒளிந்து, காலைப் பின்னி, நுனிக்காலில் நின்று, முகம் சிவந்து முக்குகின்ற பிள்ளை மலம் கழிக்க முயல்கிறது என்றே நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது மலத்தை உள்ளே இறுக்கிப் பிடிக்கவே பாடுபடுகிறது. நிறைந்த மலக்குடல் சலப்பையை அமத்துவதால் இரவில் பாயை நனைப்பதும் உண்டு. இத்தனைக்கும் மேல் அடியும் ஏச்சும் சேர்ந்தால் பயம் கூடும். பயம் கூடினால் அடக்குவதும் கூடும். ஆகவே ஈர்க்கு அடைப்பை இறுக்குகிறதே தவிர எடுப்பதில்லை.

இது ஒரு வீட்டுக் கதையும் அல்ல. களனிப் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வாளர்களான ஷமன் ராஜிந்திரஜித், நிரங்கா தேவநாராயண ஆகியோரும் அவர்களது குழுவினரும் இலங்கைப் பாடசாலைகளில் 10 முதல் 16 வயது வரையான பிள்ளைகளிடையே நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், 100 பேரில் ஏறக்குறைய 15 பேருக்கு மலச்சிக்கல் இருந்தது. போரால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் அது 18. ஏனைய இடங்களில் 14க்குக் கிட்ட. 2010இல் வெளியான அவர்களது இன்னோர் ஆய்வில், உடுப்பிலே மலம் போகும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் மலச்சிக்கலே அதற்குக் காரணமாக இருந்தது. வளர்ந்த பிள்ளைகளிடமே இப்படியென்றால், முகாம்களில் நாலு, ஐந்து வயதுக் குழந்தைகளிடம் நாம் கண்டதில் வியப்பில்லை.

முகாமில் அடக்குவதற்குக் காரணங்கள் ஏராளம். மலசலகூடங்கள் வரிசையாக ஒரு கரையில் இருந்தன. காலையில் பெரியவர்களின் வரிசை. பிள்ளையின் முறை வரும்போது பாடசாலை மணி அடித்துவிடும். சிலவற்றுக்குக் கதவில்லை, சிலவற்றில் தண்ணீரில்லை. அனர்த்த நிவாரணத்துக்கென 1997இல் தொடங்கிய ஸ்பியர் திட்டத்தின் நியமப்படி, 20 பேருக்கு ஒரு மலசலகூடம் வேண்டும். அது வதிவிடத்திலிருந்து 50 மீற்றருக்குள் இருக்கவேண்டும். பெரியவர்களுக்கு 50 மீற்றர் ஒன்றுமில்லை. இருட்டில் ஒரு சிறுபிள்ளைக்கு அது ஒரு காடு. கால்களை அகட்டி நிற்க முடியாத அளவுக்கு அகலமான குழியும், உள்ளே விழுந்துவிடுவோமோ என்ற அச்சமும் வேறு. பொம்பிளைப் பிள்ளைகள் பாடசாலையில் நாள் முழுவதும் அடக்கிக்கொண்டு வருவதைத் தாய்மார் அறிவார்கள்.

சாப்பாடும் காரணம். நிவாரணத்தில் வந்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். கொல்லையில் முருங்கையும் பப்பாசியும் நின்ற குடும்பங்கள் மூன்று நேரமும் ரொட்டியும் சீனித் தேத்தண்ணியும் என்று ஆகின. கையில் காசு வந்தால் பால்மா வாங்கினார்கள். பால்மா தீது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதைக் கூடுதலாகக் குடிக்கும் பிள்ளை சோற்றையும் கறியையும் தள்ளிவிடுகிறது.

அச்சமும் வயிற்றில்தான் போய்த் தங்குகிறது. ஷெல் சத்தத்தோடு வளர்ந்த பிள்ளை, பழகிய சுத்தத்தை மறந்து மீண்டும் படுக்கையை நனைப்பது அடிக்கடி காணப்படுவது. "வயிறு நோகுது" என்று ஒவ்வொரு காலையும் அழும் பிள்ளைக்கு உண்மையிலேயே நோகலாம். பாடசாலைக்குக் கள்ளம் போடுகிறது என்று தீர்ப்பளிக்குமுன் எத்தனை நாளைக்கு ஒருமுறை வெளிக்குப் போகிறது, எப்படிப் போகிறது என்று கேளுங்கள். நாலு வயதுக்கு முன் இடைக்கிடை உடுப்பில் போவதை நோயாகக் கொள்ளவேண்டியதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறோம். அந்த வயதில் அடிப்பது எவ்விதத்திலும் நியாயமாகாது.

இரவில் பிள்ளை நித்திரையின்றிப் புரண்டு பின்பக்கத்தைச் சொறிந்தால் பெரும்பாலும் கீரிப்பூச்சி. அது இரவிலே வெளியே வந்து ஆசனவாயின் ஓரத்தில் முட்டையிடுகிறது. நித்திரை கெட்ட பிள்ளை பகலில் சினப்பதும் படிப்பில் கவனம் கெடுவதும் இயல்பே. சொறிந்த நகத்தில் முட்டை ஒட்டி வாய்க்கே திரும்புவதால், ஒரு பிள்ளைக்கு மட்டும் பூச்சி மருந்து கொடுத்துப் பயனில்லை. வீட்டில் உள்ளவர்களுக்கும் வைத்தியர் சொன்னபடி கொடுத்து, இரு கிழமை கழித்து மறுபடியும் கொடுக்கவேண்டும். நகம் வெட்டுவதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதும் மருந்தளவு முக்கியம். செருப்பின்றி நடக்கும் பிள்ளைகளின் காலால் ஏறும் கொக்கிப்புழுவோ இரத்தத்தைக் குடித்துச் சோகையை உண்டாக்கும். அப்பிள்ளையை "சோம்பேறி" என்கிறோம்.

எமது சிறுவனிடம் வருவோம். வைத்தியசாலையில் முதலில் அடைப்பை எடுக்க மருந்து கொடுத்தார்கள். பின்பு மலத்தை இளக்கும் லக்டுலோஸ் பாணி நாள்தோறும். இரண்டு கிழமையில் சுகமாகிவிட்டான் என்று தாய் பாணியை நிறுத்த, மறுபடியும் அடைத்துக்கொண்டது. விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்கப் பல மாதங்கள் செல்லும். "பழகிப்போயிடும்" என்ற பயத்தில் பாதியில் நிறுத்துவதே இந்த வைத்தியத்தில் நாம் கண்ட பெரும் தவறு. முன்னைய நாட்களில் வீடுகளில் விளக்கெண்ணெய் பேதி கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு அது வயிற்றைக் கலக்குமே தவிர, அடக்கும் பழக்கத்தை மாற்றாது. சிறு பிள்ளைக்கு அதைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது ஆகாது.

மருந்தோடு வேறொன்றும் செய்யச் சொன்னார்கள். காலையும் இரவும் சாப்பிட்ட கையோடு அவனை ஐந்து, பத்து நிமிடம் குந்தவைத்தார்கள். உணவு வயிற்றில் விழுந்ததும் குடல் தானாக அசையும் நேரம் அது. போனாலும் போகாவிட்டாலும் ஏச்சில்லை. முகாமின் மலசலகூடத்துக்கு அவன் போகமாட்டான் என்று தெரிந்ததால், தகப்பன் கூடாரத்தின் பக்கத்தில் ஒரு சிறு குழி வெட்டி, இரு பலகையை நெருக்கமாக வைத்து, மூன்று பக்கமும் கிடுகு கட்டினார். ஒவ்வொரு முறையும் மலத்தை எடுத்துப் பெரிய மலசலகூடத்தில் போட்டார்கள். குழந்தையின் மலத்தில் தீங்கில்லை என்று நினைப்பது பிழை. அதிலிருந்தும் வயிற்றோட்டம் பரவும். நெத்தலியும் ரொட்டியுமாக இருந்த சாப்பாட்டில் கீரையும் பப்பாசியும் பயறும் சேர்ந்தன, தண்ணீரும் கூடியது.

வயிறு ஊதி வாந்தி எடுத்தால், மலத்தோடு அடிக்கடி இரத்தம் போனால், காய்ச்சல் இருந்தால், நிறை குறைந்தால், பிறந்து இரண்டு நாளுக்குள் முதல் மலம் போகாத குழந்தையானால், கைவைத்தியம் பாராமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். உண்மையான வயிற்றோட்டமானால் ஜீவனி கொடுத்துக்கொண்டே போங்கள்.

அச்சிறுவன் சுகமாக எட்டு மாதம் எடுத்தது. நடுவே இருமுறை தவறினான். ஈர்க்கை எடுக்காமல் இருக்கத் தான் பட்டபாடு பெரும்பாடு என்று தாய் எம்மிடம் சிரித்தபடி சொன்னார். தங்கையை நுள்ளுவது எப்போது நின்றது என்று அவருக்கே நினைவில்லை.

2015, 2016ஆம் ஆண்டுகளில் சம்பூர்க் காணிகள் விடுவிக்கப்பட்டபோது அக்குடும்பமும் ஊர் திரும்பியது. பற்றைக்காடாகக் கிடந்த வளவில் தறப்பாள் கட்டி இருந்த நாட்களில், கடைசிப் பிள்ளை காட்டுக்குள் குந்தப் பயந்து இரண்டு நாள் அடக்கியதாம். தகப்பன் வீட்டுக்கு நிலையம் பார்க்கவில்லை. கிணற்றிலிருந்து தள்ளி ஓர் இடம் பார்த்து, முதலில் மலசலகூடக் குழியை வெட்டத் தொடங்கினார். நாம் போனபோது இடுப்பளவு ஆழத்தில் நின்றுகொண்டு, ஏணியில் நின்ற மகனிடம் மண்கூடையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.