நல்லூர்க் கட்டியத்தில் வரும் புவனேகபாகு யார்?

கொடகவெலயில் தோட்ட லயத்தில் வளர்ந்த எனக்கு இவரைச் சிங்களத்தில்தான் முதலில் தெரியும். கீழ்க் கிராமத்து நண்பன் ஒருவன், யாழ்ப்பாணத்தைப் பிடித்த வீரன் சபுமல் குமாரயா என்று கதை சொல்லுவான். சொல்லும்போது என் முகத்தையும் ஒருதரம் பார்த்துக்கொள்வான். பல வருடம் கழித்து நல்லூர்த் திருவிழாவில் நின்றேன். கந்தசுவாமி முன்னால் கட்டியம் கூறியபோது ஸ்ரீசங்கபோதி புவனேகபாகு என்ற பெயர் காதில் விழுந்தது. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் கைகூப்பினார். நண்பனின் வீரனும் கட்டியத்தில் வரும் இந்தப் பெயருக்குரியவரும் ஒருவரே என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து.

சபு மல் என்றால் செண்பகப் பூ. தமிழில் அவர் செண்பகப் பெருமாள். கோட்டையை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன். அவருடைய தந்தை மலையாளக் கரையிலிருந்து வந்த ஒரு பணிக்கர் என்றும், அரசர் அவருக்கு உயர்குலப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தார் என்றும் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூத்தோ எழுதியிருக்கிறார். அரசரின் மகள் உலகுடைய தேவிக்கு ஒரு மகன் இருந்தான். வளர்ப்பு மகன் வாளெடுக்கும் வயதுக்கு வந்தபோது, பேரனின் முடிக்கு இவர் போட்டியாகிவிடக் கூடாது என்ற கவலை அரண்மனையில் இருந்திருக்கும். வடக்குக்கு அனுப்பியதில் அதற்கும் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன்.

வன்னித் தலைவர்களைப் பணியவைத்த சபுமல், 1450 அளவில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார். கனகசூரிய சிங்கையாரியன் தன் பிள்ளைகளோடு கடல் கடந்து தமிழகம் போனார். அதன்பின் ஏறத்தாழ 17 ஆண்டுகள் யாழ்ப்பாணம் சபுமலின் கையில் இருந்தது. தெவிநுவரவிலிருந்து ஒரு குயிலைத் தூதாக அனுப்பும் கோகில சந்தேசய என்ற சிங்களக் காவியம் யாழ்ப்பாணத்தில் இருந்த இவருக்காகவே எழுதப்பட்டது. அதை எழுதியவர் ஒரு பிக்கு. குயில் போய்ச் சேரும் யாழ்ப்பாணம் அதில் செல்வமும் அழகும் நிறைந்த நகரம். அந்த நகரத்தை விட்டு ஓடியவர்களுக்காக எந்தப் பறவையும் பறக்கவில்லை.

1467 அளவில் பராக்கிரமபாகு இறந்தார். பேரன் ஜயபாகு முடிசூடினான். செய்தி கேட்ட சபுமல் படையோடு தெற்கே இறங்கி, அவனைக் கொன்று ஆறாம் புவனேகபாகுவாக அரியணை ஏறினார். அவர் போன கையோடு கனகசூரியன் திரும்பிவந்து யாழ்ப்பாணத்தை மீட்டுக்கொண்டார். வடக்கைப் பிடித்ததற்காகப் பாடப்பட்டவர், தெற்கின் முடிக்காக வடக்கைக் கைவிட்டார். நண்பன் சொன்ன கதையில் இந்தப் பகுதி இருந்ததில்லை.

இனி வருவது நம் சபரகமுவவில் நடந்தது. இன்றைய கேகாலைப் பக்கமுள்ள சதர கோறளையில், அதாவது நான்கு கோறளையில், புதிய அரசருக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. சிறிவர்தன பதிராஜவும் கூரகம பிக்குவும் தலைமை தாங்கினார்கள். வரலாற்றில் அதற்குச் சிங்களப் புரட்சி என்றே பெயர். சிங்கள அரசர் ஒருவருக்கு எதிரான கிளர்ச்சிக்கு ஏன் அந்தப் பெயர்? மக்கள் அவரை அந்நியராகப் பார்த்தார்கள் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எல்லோரும் அதை ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் சிங்களவராகப் பார்க்கப்பட்டவர் கேகாலையில் சிங்களவர்தானா என்று கேட்கப்பட்டிருந்தால், அந்தக் கேள்வி எங்களுக்குப் புதிதில்லை. இங்கே நாங்கள் இந்தியாக்காரர், வடக்கே போனால் தோட்டக்காட்டார்.

கிளர்ச்சியை அடக்கியவர் சபுமலின் சகோதரராகக் கருதப்படும் அம்புலுகல இளவரசர். அதன்பிறகு அரசர் செய்ததுதான் முக்கியம். தெதிகமவில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. நான்கு கோறளை மக்கள் செய்த பிழைக்காக அவர்களின் உயிருக்கோ உடைமைக்கோ தீங்கு செய்யப்படாது என்று அரசர் அதில் அபயம் கொடுக்கிறார். பெருந்தன்மையா, அந்த மக்கள் இல்லாமல் ஆள முடியாது என்ற கணக்கா? இரண்டாவதுதான் கூடுதலாக இருக்கும். ஆனாலும் வாய்ச்சொல்லாக விடாமல், நாளைக்கு மறுக்க முடியாதபடி கல்லில் வெட்டிவைத்தார்.

1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். லயங்கள் எரிந்தன. 1977இலும் இப்படித்தான். உயிர் பிழைத்தவர்களில் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். சபுமலின் படை போன அதே வன்னிக்கு இவர்கள் துணிமூட்டையோடு போனார்கள். 2009 அவர்களை அங்கேயும் விடவில்லை. அவர்களுக்கு இப்படி ஒரு கல்லை யாரும் நட்டுக் கொடுக்கவில்லை.

புவனேகபாகுவுக்குப் பின் அவரது வளர்ப்பு மகன் ஏழாம் பராக்கிரமபாகுவானார். அவரைக் கொன்று முடியை எடுத்தவர் அதே அம்புலுகல இளவரசர்தான்.

இதையெல்லாம் எழுதி நண்பனுக்கு அனுப்பினேன். இப்போது எம்பிலிப்பிட்டியவில் கடை வைத்திருக்கிறான். இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு வரி வந்தது: “பணிக்கர் என்றால் உங்கள் ஆளா, எங்கள் ஆளா?”